அறுபதுக்கு அறுபது

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஜெஸீலின் கடையில் மூன்று சொஃப்ட்பொக்ஸ்.
எண்கோணம், தொண்ணூற்றைந்து சென்ரிமீற்றர், பதினாறாயிரத்து ஐந்நூறு.
நீட்டுப்பெட்டி, முகப்பில் தேன்கூட்டு வலை, பதின்மூன்று.
குடைபோல் விரியும் சதுரம், அறுபதுக்கு அறுபது,
ஏழாயிரத்து எண்ணூறு,
ஒரு மூலையில் தையல் பிரிந்திருக்கிறது.

என்னிடம் ஒன்பதாயிரம்.
அதில் அறுநூறு பெற்றோலுக்கு.

"பெரிசா எடுங்க தங்கச்சி,
வெளிச்சம் பால் மாதிரி விழும்,
மிச்சத்தப் பெருநாளைக்குப் பொறகு தாங்க."
பால்மாவையே கொப்பியில் எழுதி வாங்குகிற வீட்டுக்கு
இன்னுமொரு பால் வேண்டாம்.

மடித்தால் எவ்வளவு நீளம் என்கிறேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
வான் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் ஏன் கேட்கிறார்?
எனக்கு ஸ்கூட்டி.
கால் வைக்கும் இடத்தில் ஸ்டாண்ட்,
முன்னால் தொங்கும் பையில் கெமரா,
பின்சீற்றில் டிலுக்சன்.
அவன் மடியில் எது அடங்குமோ
அதுதான் என் வெளிச்சம்.

எண்கோணத்தை எனக்குத் தெரியாமலில்லை.
போன ஆனியில் கல்லடிக் கடற்கரைக்கு
இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.
கச்சான் கிளம்பியது.
பாய் விரித்த வள்ளம் என்று தன்னை நினைத்திருக்கவேண்டும்,
ஸ்டாண்டையும் பிளாஷையும் இழுத்துக்கொண்டு
கடலுக்குப் புறப்பட்டுவிட்டது.
மாப்பிள்ளை கோட்டோடு ஓடிப்போய்ப்
பாதி அலையில் வைத்துப் பிடித்தார்.
ஆல்பத்தில் எல்லாரும் தேடிப் பார்ப்பது
பிளாஷே இல்லாமல் எடுத்த அந்தப் படத்தைத்தான்.
முறிந்த கம்பிக்கு நான் கட்டியது நாலாயிரம்.

சதுரத்தை விரித்துப் பார்க்கலாமா?
"பாருங்க. என்னயே எடுங்க."

முதலில் வெறும் பிளாஷ்.
மூக்கின் நிழல் கன்னத்தில் கத்திபோல் கிடந்தது,
நெற்றியில் எண்ணெய்,
பின்சுவரில் இன்னொரு ஜெஸீல், கோபக்காரன்.

மறுகா பெட்டியோடு.
தள்ளி வைத்தால் சின்னப் பெட்டியும் ஒரு ரோச் லைட்தான்.
கிட்ட கொண்டுபோனேன், இன்னும் கிட்ட,
படச்சட்டத்துக்குள் அதன் விளிம்பு எட்டிப்பார்க்கும்வரை.
அந்தத் தூரத்தில் இரண்டடித் துணி
ஒரு முகத்துக்கு யன்னல்.

நிழல் போய்விடவில்லை.
எங்கே தொடங்குகிறது என்று
விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.
கறுப்பு கறுப்பாகவே இருந்தது.
"கொஞ்சம் வெளுப்பா எடுங்க மகள்" என்று
மணமகளின் தாய்மார் என் காதுக்குள் சொல்வார்கள்.
அந்த வேலைக்குரிய பெட்டியை
இன்னும் எந்தக் கடையிலும் நான் காணவில்லை,
கண்டாலும் வாங்கமாட்டேன்.

ஜெஸீல் கெமராவைக் கையில் வாங்கி
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
அம்மைத்தழும்பு அங்கேயேதான் இருந்தது.
"இத எனக்கு அனுப்பிவிடுங்க" என்றான்,
வியாபாரக் குரலை எங்கோ வைத்துவிட்டு.

பதினாறு பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு
இது காணாது. தெரியும்.
மண்டபத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால்
பிளாஷை அதன் பக்கம் திருப்பிவிடுவேன், இலவசம்.
பச்சைச் சுவரென்றால்
எல்லாரும் வெளியே வாருங்கள், மாமரத்தடிக்கு.
முன்துணியும் உள்துணியும் சேர்ந்து
பாதிக்குமேல் வெளிச்சத்தை விழுங்கும்.
அதுவும் தெரியும்.
நல்ல சாமான் என்று சொல்லவரவில்லை.
இதன் குறைகள் எனக்குக் கட்டுப்படியாகும் குறைகள்.

இன்னொரு தரம் அடித்துப் பார்த்தேன்.
பிரிந்த மூலையால் ஒரு கோடு வெளிச்சம் கசிந்து
மேசையில் கிடந்த கல்குலேற்றரில் விழுந்தது.
நான் அதைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவனும் பார்த்தான்.
முன்னூறு குறைந்தது.

கறுப்பு நூல் வீட்டில் இல்லை, வெள்ளைதான்.
அதாலேயே தைத்துக்கொள்வேன்.
பெட்டியைப் பார்க்கவா கலியாணத்துக்கு வருகிறார்கள்?

மீதி தொள்ளாயிரத்துக்குச் சார்ஜ் பற்றரி இரண்டு.
பிளாஷுக்கு நாலு வேண்டும்.
மற்ற இரண்டும்
வெள்ளிக்கிழமை பெரியநீலாவணை மணமகளின்
முற்பணத்தில் இருக்கின்றன.